நீலத் துண்டுக்காரருக்கு நன்றி

அண்ணா, உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், காப்பிப் பொட்டலம் கையில் இருக்கும்போதே அப்பா சரிந்து விழுந்தார். ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்தேன். வாயைத் திறந்து திறந்து இழுத்ததால் மூச்சு இருக்கிறது என்று நம்பினேன். அது மூச்சே இல்லை, நெஞ்சை அழுத்துங்கள் என்றார் மறுமுனையில் இருந்தவர். அழுத்தினேன். கையில் பலமே இல்லை.

அப்போதுதான் நீங்கள் ஓடி வந்தீர்கள், லிஃப்ட் பக்கத்தில் மாட்டியிருந்த, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியோடு. பக்கத்தில் யாருக்காவது இதயம் நின்றால் தன்னார்வலர்களுக்குச் சொல்லும் மைரெஸ்பாண்டர் செயலியில் தகவல் வந்ததாம். "நகரும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்றீர்கள். வியர்வையில் அப்பாவின் நெஞ்சு நனைந்திருந்தது. கருவியின் பட்டை ஒட்டாது என்று தோளில் கிடந்த நீலத் துண்டால் துடைத்தீர்கள். ஒரு பட்டை வலது காறையெலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது விலாவில். கருவி துடிப்பை ஆராய்ந்தது. ஒரே ஒரு மின்னதிர்ச்சி. உடனே மறுபடியும் அழுத்தினீர்கள், நிமிடத்துக்கு நூறுக்குக் குறையாமல், உரக்க எண்ணிக்கொண்டே. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆம்புலன்ஸ் வந்த பரபரப்பில் நீங்கள் போய்விட்டீர்கள். இதயத்தின் கீழறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தன, அந்த அதிர்ச்சிதான் தாளத்தைத் திருப்பியது என்றார் மருத்துவர். இப்போது அப்பாவின் காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஐசிடி என்ற சின்னக் கருவி இருக்கிறது. மறுபடி அப்படி நடந்தால் அதுவே அதிர்ச்சி கொடுக்குமாம்.

உங்கள் துண்டு எங்களிடம்தான் இருக்கிறது அண்ணா. துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். தன் கையால் தர வேண்டும் என்கிறார் அப்பா.