சேலத்து ஆர்க்கிடெக்ட்களுக்கு: எலிவேஷன் மட்டும் போதாது, கணக்கையும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய கட்டடக்கலைஞர்களுக்கு, வணக்கம்.

சேலத்தில் 30-க்கு 40 அடி மனையில் வீடு கட்டுகிறவர் பெரும்பாலும் உங்கள் அலுவலகப் படி ஏறுவதில்லை. பிளான் போட ஒரு டிராஃப்ட்ஸ்மேன், கட்ட ஒரு மேஸ்திரி, வாசல் சொல்ல ஒரு வாஸ்துக்காரர். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதுதான்.

ஆனாலும் அந்த வீட்டில் உங்கள் கை இருக்கிறது. ஃபேர்லேண்ட்ஸ் வீடுகளில் நீங்கள் வைத்த பெட்டி எலிவேஷனும் ஆளுயரக் கண்ணாடியும் போட்டோவாக மேஸ்திரியின் போனுக்கு வந்து, அம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் எழும்புகின்றன. முகப்பு பரவுகிற அளவுக்கு, அதற்குப் பின்னால் நீங்கள் போட்ட வெயில் கணக்கு பரவுவதில்லை.

மேற்குச் சுவரையே எடுத்துக்கொள்வோம். மே மாதம் மாலை நாலேகாலுக்கு இங்கே சூரியன் சுமார் 32 டிகிரி உயரத்தில் நிற்கிறது. 2 அடி சன்ஷேடு போட்டாலும் 4 அடி ஜன்னலில் மேலே ஒன்றேகால் அடிக்குத்தான் நிழல். ஐந்து மணிக்கு அதுவும் முக்கால் அடியாகிவிடும். மேற்கில் சன்ஷேடு மழைக்குத்தான், வெயிலுக்கு அல்ல. படிக்கட்டு, பாத்ரூம், ஸ்டோர் அங்கே போகலாம். ஆனால் தென்மேற்கான கன்னி மூலையில் பெரிய படுக்கையறை என்பதை எந்த வீட்டுக்காரரும் விட்டுத்தர மாட்டார். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஜன்னலைத் தெற்கே திருப்பி, மேற்குச் சுவர் முழுக்க அலமாரியும் லாஃப்டும் கொடுத்தால் சூடு கட்டிலுக்கு வருவது குறையும். வடக்கிலும் சன்ஷேடு வேண்டும். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நமக்கு உச்சிவெயில் வடக்கே சாய்ந்துதான் விழுகிறது. அந்த உச்சிவெயிலுக்கு அங்கே 1 அடி நீட்டினாலே 4 அடி ஜன்னலுக்குப் போதும்.

அடுத்தது எலிப்பொறிக் கட்டு. கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பரப்பிய முறை. 9 அங்குலச் சுவரில் செங்கல்லைக் குத்துவாட்டில் வைத்து நடுவே 3 அங்குல வெற்றிடம் விட்டால், கல்லில் ஏறக்குறைய கால்வாசி மிச்சம்; சூடும் தாமதமாக இறங்கும். இங்கே அது ஏன் தோற்கிறது? நாட்டுச் செங்கல் ஒன்றுபோல் இருக்காது, வெற்றிடம் கோணும். கலவை உள்ளே விழுந்து அடைக்கும். எல்லாவற்றையும் விட, எலக்ட்ரீஷியன் பின்னால் வந்து பைப்புக்காகச் சுவரில் காடி வெட்டுவார்; குத்துக்கல் உடையும். எனவே அளவு சீரான ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல், அதுவும் வார்த்து 21 நாள் தண்ணீர் குடித்த கல் வேண்டும். பைப் போகும் இடம் சுவர் எழும்பும் முன்பே குறித்திருக்க வேண்டும். அடிவரிசை, ஜன்னல் அடி, லிண்டல் அடி, மூலை ஆகியவை கெட்டிக்கட்டாக வர வேண்டும். சதுர அடிக் கூலிக்கு வேலை செய்கிற கொத்தனாருக்கு இது மெதுவான வேலை. கல்லில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு அவருக்குப் போகாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

மொட்டைமாடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சேர்த்து 3 அங்குலம் அடித்து, மேலே தட்டோடு பதிப்பதுதான் பழைய வழக்கம். இப்போது சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் போடுகிறார்கள். வெயிலில் வெடித்து ஒழுகுகிறது. வெள்ளை டைல்ஸ் நல்லதுதான், புழுதி படிந்தால் அதன் பலன் குறையும். பிப்ரவரியில் கழுவச் சொல்லுங்கள். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். அதை அனுமதிக்காக வெட்டிய 3 அடி மழைநீர்க் குழியில் விட்டால், இந்தப் பாறைப் பூமியில் வண்டல் அடைத்து நின்றுவிடும். முதலில் சம்ப்புக்கு (தரையடித் தொட்டிக்கு) போகட்டும்.

ஏற்காட்டுக்கு இதே பிளானை ஏற்றாதீர்கள். அங்கே மழை அதிகம், சரிவுக்கூரைதான் சரி. மண்ணை வெட்டிக் கட்டும் தடுப்புச்சுவரில் நீர் வடியும் துளை விடாவிட்டால் மழைக்காலத்தில் சுவர் சாயும்.

நாங்கள் கேட்பது இது: 30-க்கு 40 மனைக்கு, நான்கு திசை வாசலுக்கும் தனித்தனியாக நான்கு தாள். ஒவ்வொன்றிலும் சன்ஷேடு அளவு, மேற்குச் சுவரில் எது வரும், மாடித் தள அடுக்கு, பைப் பாதை. தமிழில், அடி அங்குலத்தில். உங்கள் பெயரும் போனும் கீழே இருக்கட்டும். ஹார்டுவேர் கடைகளிலும் பிளான் போடும் ஆபீஸ்களிலும் ஒட்டுவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
சேலம் வட்டார மேஸ்திரிகள், சைட் இன்ஜினீயர்கள் சிலர்