சீட்டை மட்டும் அனுப்பு

கடலூர் முதுநகர்
ஞாயிறு இரவு

பாப்பா,

கால் எட்டாமல் வண்டியோடு விழுந்தேன், வண்டியின் உயரத்தை இறக்கப்போகிறேன் என்று நேற்று போனில் நீ சொன்னதற்கெல்லாம் நான் "ம்" கொட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. அப்போது ஒரு புல்லட் சீட் பாதி உரித்தபடி என் மடியில் கிடந்தது, வாயில் நூல், எதிரே வண்டிக்காரர் வேறு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். "போனில் சொன்னால் பாதிதான் காதில் வாங்குவாள், எழுதிப் போடு" என்றார். எழுதுவது நான், நடுவில் குறுக்கே பேசுவது அவர்.

நீ வாங்கியிருப்பது ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411 பைக். சீட் உயரம் 800 மில்லிமீட்டர். நீ ஐந்தடி ஓர் அங்குலம். பெங்களூரில் யாரோ பின் சக்கரத்தை ஷாக்கோடு இணைக்கும் லிங்க்கில் நீளமான தகடு போட்டு ஐந்து சென்டிமீட்டர் இறக்கித் தருகிறேன் என்கிறாராம், அரை மணி நேர வேலையாம். உண்மைதான், அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். என் பயமே அதுதான்.

நீ எட்டாவது படிக்கும்போது நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பையன் வருவானே, உன்னைவிடக் குள்ளம், அவன் வண்டிக்கு அப்பா இதே வேலையைத்தான் செய்தார். பின்னால் மட்டும் தகடு மாற்றினார். இரண்டு பாதமும் தரையில் படிந்ததும் பையனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு எதிரே டீ குடிக்கப் போனான். வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்டின் நீளம் பழையதே. இடப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி நட்டுக்குத்தாக நின்றது. துறைமுகத்துப் பக்கம் போன லாரியின் காற்றுதான் தள்ளியதோ என்னவோ, வலப்பக்கமாகச் சாக்கடைக் கல்லின் மேல் விழுந்தது. பிரேக் லீவர் முறிந்து, டேங்கில் உள்ளங்கை அளவு குழி. அப்பா தன் காசில்தான் சரிசெய்து கொடுத்தார். அன்று இரவு வண்டியை ஓட்டிப் பார்க்கப் புதுச்சேரி சாலையில் போனவர் திரும்பி வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "விளக்கு ரோட்டில் விழவில்லை, தென்னங்குருத்தில் விழுகிறது." பின்பக்கம் இறங்கினால் முன்பக்கம் அண்ணாந்து பார்க்கும் அல்லவா? எதிரே வருகிறவன் கண்ணில்தான் அத்தனை வெளிச்சமும்.

அதோடு விட்டதா? பின்னால் மட்டும் இறக்கினால், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் சாய்வு கூடிப்போகும். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது, வளைவில் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும். முன்னால் மட்டும் இறக்கினால் இதற்கு நேர்மாறு, தொட்டதற்கெல்லாம் துள்ளும். அதனால் இறக்குவதாக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். முன்னால், ஹாண்டில்பாருக்குக் கீழே ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் தகடுகளைத் தளர்த்திக் குழாய்களைச் சற்று மேலே ஏற்றி இறுக்க வேண்டும். ஃபோர்க் முழுக்க அமுங்கினால் மட்கார்டு மேலே எங்கேயும் இடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும். பின்னால், சக்கரம் மட்கார்டின் உள்பக்கத்தை உரசுகிறதா என்று பார்க்க அப்பா ஒரு வழி வைத்திருக்கிறார். உள்ளே சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் கனமான ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து நாலு வேகத்தடை ஏறி இறங்குவார். சுண்ணாம்பில் கோடு விழுந்திருந்தால் அந்தத் தகடு வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. நீ குள்ளம் மட்டுமல்ல, நாற்பத்தாறு கிலோ. வண்டியில் ஆள் உட்கார்ந்ததும் அது கொஞ்சம் அமுங்க வேண்டும். சக்கரம் மேலும் கீழுமாக ஆடுகிற தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பது அப்பாவின் கணக்கு. உன் வண்டி ஷாக்கில் இருக்கும் ஸ்ப்ரிங்கைச் செய்தவர்கள் உன்னைவிடக் கனமான ஆளை, அவனுக்குப் பின்னால் இன்னொரு ஆளை, இருபக்கமும் பெட்டியை நினைத்துச் செய்திருக்கிறார்கள். நீ உட்கார்ந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. மற்றவர்களுக்கு அமுங்கித் தாழும் வண்டி உனக்கு மட்டும் அப்படியே உயரத்தில் நிற்கிறது. முதலில் பின் ஷாக்கின் ஸ்ப்ரிங் இறுக்கத்தைக் குறைக்கச் சொல். பைசா செலவில்லை. யாரையாவது பின்னால் ஏற்றும்போது மறுபடி இறுக்கிக்கொள், இல்லாவிட்டால் பள்ளத்தில் தட்டும்.

இனி என் சீட் வேலைக்கு வருகிறேன். சீட் உயரம் என்று புத்தகத்தில் போடுவது நடுவில் அளந்தது. உன் கால் நடுவிலிருந்தா இறங்குகிறது? சீட்டின் தோள்பட்டையைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. முன்பக்கம் அகலமாக இருந்தால் தொடை விரிந்து பாதம் தரைக்கு எட்டாமல் போய்விடும். இருபத்திரண்டு வருடமாக ரெக்சின் உரிக்கிறேன், "மேலே ரெண்டு இன்ச் எடுங்கக்கா" என்று வருகிறவர்கள் யாருக்குமே இது தெரிவதில்லை. நடுவில் வெட்டினால் அடித்தகடு வால் எலும்பில் இடிக்கும், விழுப்புரம் போவதற்குள் நெளிய ஆரம்பித்துவிடுவாய். நான் வெட்டுவது தொடை படுகிற இரண்டு முன் ஓரங்களை. ஸ்டேப்ளர் பின்னை எடுத்து, ரெக்சினை மடக்கி, சாக்பீஸால் கோடு போட்டு, ஹாக்சா பிளேடால் சாய்வாகச் சீவுவேன். சொரசொரப்பான எமரித் தாளால் தேய்த்து, மேலே மெல்லிய ஃபோம் ஒட்டி மூடிவிடுவேன். கை வைத்துத் தடவினால் மேடு பள்ளம் தெரியக்கூடாது. நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தொட மாட்டேன். ஓரம் சரியாக இருந்தால் அதுவே போதும், பாதத்தின் முன்பாகம் நன்றாக ஊன்றும்.

இரண்டு குதிகாலும் தரையில் படிய வேண்டும் என்று யார் உனக்குச் சொன்னது? நான் டி.வி.எஸ். 50-ஐத் தவிர வேறு எதிலும் இரண்டு காலையும் ஊன்றியதில்லை. சிக்னலில் இடுப்பை லேசாக இடப்பக்கம் நகர்த்தி இடது காலை மட்டும் முழுசாக ஊன்று. வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். நம் ஊர்ச் சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரம் நோக்கிச் சரிந்திருக்கும். இடது ஓரத்தில் ஒட்டி நிறுத்தினால் உன் இடது காலுக்குத் தரை இன்னும் கீழே போய்விடும். நீ அன்று விழுந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன், வண்டியைத் திட்டாதே. நிறுத்தப்போகும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு நிறுத்து. அடி தடித்த ஷூ போட்டுக்கொள். அதுவே ஒன்றிரண்டு சென்டிமீட்டர்.

ஸ்ப்ரிங்கும் சீட்டும் பார்த்த பிறகும் எட்டவில்லை என்றால் அப்போது தகடு பற்றிப் பேசலாம். ஐந்து சென்டிமீட்டர் எல்லாம் கிடையாது, இரண்டு. அந்த வண்டிக்குத் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. மலைப் பாதைக்கு என்று அதை வாங்கிவிட்டு அந்த இடைவெளியையே இழந்துவிட்டால், 765 மில்லிமீட்டர் சீட் உள்ள மீட்டியார் பைக்கையே வாங்கியிருக்கலாம் என்கிறார் அப்பா. (நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு ஹிமாலயன்தான் பிடிக்கும்.) பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, அதனால் ஷோரூமில் கேட்காமல் கை வைக்காதே. இறக்கினால் அன்றைக்கே ஸ்டாண்டைத் தனியாகக் கழற்றி, அறுத்துப் பற்றவைத்து மாட்ட வேண்டும். செயின் தளர்ச்சியையும் விளக்கையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஸ்டாண்டில் போட்டு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஒரு தள்ளு தள்ளிப் பார். சுலபமாக நிமிர்ந்தால் இன்னும் அறுக்க வேண்டும்.

உன் சீட்டை நான் அறுக்க மாட்டேன், விற்கும்போது கேட்பார்கள். பழைய சீட் ஒன்று தேடி வாங்கி அனுப்பு. வெறுங்காலோடு சுவரில் ஒட்டி நின்று, கனமான புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேலே இறுக்கி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்து எழுது. ஷூ போட்டும் ஒருமுறை. வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் போட்டால் சனிக்கிழமை காலை மஞ்சக்குப்பத்தில் வாங்கிக்கொள்வேன். பார்சலில் என் போன் எண்ணை எழுது. அப்பா எண்ணை எழுதினால் கையில் கிரீஸ் என்று எடுக்க மாட்டார்.

அம்மா