மீனாவுக்கு ஒரு கடிதம்: ஆத்தா பார்த்த நிலைக்கதவு

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் கம்பு இல்லாமல் வீட்டுக்குள் நடக்கிறாய் என்று படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. தரையில் சரியாக நடந்தாலும் படியைக் கண்டால் இன்னும் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, நானும் படியைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆத்தா நன்றாக இருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருஷம் ஆகிறது, நாற்காலிதான் கால். விமானத்தில் கூட்டி வர நான் பயந்தேன், அவள் பயப்படவில்லை. அப்பச்சி இங்கே ஏழு வருஷம் கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் வட்டிக்கடையில், ஏஜெண்டுக்கு உதவியாக அடுத்தாள் வேலையில் இருந்தாரே, அந்த ஊரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது அவளுடைய பழைய ஆசை. அந்தக் காலத்தில் ஆண்கள் கப்பல் ஏறுவார்கள், பெண்டுகள் வீட்டைப் பார்த்துக்கொண்டு கடிதத்துக்குக் காத்திருப்பார்கள். ஆத்தா காத்திருந்த ஊரை 84 வயதில் வந்து பார்க்கிறாள்.

நேற்று தம்பி எங்களை லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப் போனான். கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் என்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, 2015இல் திறந்தது. நான்கு மாடிதான், பெரிய கட்டடம் இல்லை. வீட்டிலிருந்து பஸ்ஸில் போனோம். பஸ் நின்றதும் ஓட்டுநர் இறங்கி வந்து, வாசலில் மடித்திருந்த பலகையை விரித்துப் போட்டு, ஆத்தாவின் நாற்காலி ஏறி நின்ற பிறகுதான் தன் இடத்துக்குப் போனார். யாரும் முணுமுணுக்கவில்லை. ஆத்தா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள், அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குத்தான் கண் கலங்கியது.

போன வருஷம் நம் பக்கத்து அருங்காட்சியகம் ஒன்றுக்கு ஆத்தாவைக் கூட்டிப் போனதை உனக்குச் சொல்லவே இல்லை. வாசலில் எட்டுப் படி. நாலு பேர் தூக்குகிறோம் என்றார்கள். ஆத்தா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேப்பமர நிழலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். நாங்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். அன்று நான் பார்த்த சிலை ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை, காருக்குள் ஆத்தா உட்கார்ந்திருந்தது மட்டும் இருக்கிறது. ஒருவரைத் தூக்கிக்கொண்டு போவது உதவிதான். ஆனால் தானாகப் போவதில் இருக்கிற மரியாதை அதில் இல்லை.

இங்கே தெருவிலிருந்து உள்ளே போனதே தெரியவில்லை, தரை அப்படியே தொடர்கிறது. இதில் ஓர் அழகு இருக்கிறது, கேள். இந்தக் கட்டடத்தின் முகப்பை வடநாட்டுப் படிக்கிணற்றை மனத்தில் வைத்துத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாகப் படிகள் போகின்றன, இருட்டியதும் விளக்கு வெளிச்சத்தில் உள்ளே இருக்கிற சுவரோவியம் வெளியே தெரிகிறது. அப்படிப்பட்ட கட்டடத்தில் ஆத்தா ஒரு படிகூட ஏறவில்லை. லிஃப்டில் மேலே போய், ஒவ்வொரு தளமாகப் பார்த்துக்கொண்டே இறங்கினோம். கழிவறையிலும் நாற்காலி திரும்ப இடமும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருந்தன. வயதானவர்களோடு வெளியே போகிறவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். கழிவறைக்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிற ஆத்தா, நேற்று நடுவில் கேட்டு வாங்கிக் காபி குடித்தாள்.

அங்கேதான் அந்த நிலைக்கதவைப் பார்த்தோம், மீனா. நம் செட்டிநாட்டு நிலைக்கதவு! 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது, நுணுக்கமான செதுக்கல் மட்டும் 5,000 இருக்கிறதாம். நாம் எத்தனை ஆயிரம் தடவை அப்படி ஒரு கதவைத் தாண்டி ஓடியிருப்போம், ஒரு நாளாவது நின்று பார்த்தோமா? அந்தத் தெருவுக்கே நம் வீட்டு நிலைப்படிதான் உயரம் என்று ஐயா பெருமையாகச் சொல்வார். நீயும் நானும் அதில் உட்கார்ந்து புளியங்கொட்டை எண்ணுவோம், நிலைப்படியில் உட்காரக் கூடாது என்று அப்பத்தா சத்தம் போடுவார்கள்.

நாற்காலியைக் கதவுக்கு நேரே நிறுத்தினேன். ஆத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கையை நீட்டினாள். தொடக்கூடாது என்று நான் சொல்வதற்குள் தானாகவே இழுத்துக்கொண்டு கும்பிட்டாள். "வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பேன், இப்போது யார் வைக்கிறார்களோ" என்றாள். இடுப்பு முறிந்ததிலிருந்து என்னோடு மதுரையில் இருக்கிறாளே, இரண்டு வருஷமாக அவள் நம் வீட்டு நிலைப்படியைத் தாண்டவில்லை. கடல் கடந்து வந்து நிற்கிற ஒரு கதவுக்கு முன்னால் அவளால் போய் நிற்க முடிகிறது, சொந்த வீட்டுக் கதவுக்கு முன்னால் முடியவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இடிந்த வீட்டுக் கதவுகள் சுவரில் சாய்ந்து கிடக்குமே, அதுவும் நினைவுக்கு வந்தது. அங்கே அது விலைக்கு வந்த பொருள். இங்கே அதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று ஒவ்வொரு பூவாகக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மற்றதை எல்லாம் விரிவாக எழுத முடியாது. 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்து செங்கல் சூளை போட்ட நாராயண பிள்ளை, 1943இல் மலேயாத் தோட்டங்களை விட்டு நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்கள் என்று கதைகள் நிறைய. அந்தப் பெண்களைப் பற்றிச் சொன்னதும் ஆத்தா, "இத்தனை சின்ன வயசிலா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

திரும்பும்போது தம்பி புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் காட்டினான். இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கட்டியது. உள்சுவர்ப் பூச்சுக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்தார்களாம், மெட்ராஸ் சுண்ணம் என்று அதற்குப் பெயர். "நம் வீட்டுச் சுவர்தானே" என்றாள் ஆத்தா உடனே. பிறகு மார்க்கெட் ஸ்ட்ரீட். கிட்டங்கிகள் இருந்த இடத்தில் வானம் முட்டக் கட்டடங்கள் நிற்கின்றன. அப்பச்சி பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதிய இடம் எது என்று யாரிடம் கேட்பது? ஆத்தா கொஞ்ச நேரம் அங்கே நாற்காலியில் இருந்தபடி போகிற வருகிறவர்களைப் பார்த்தாள். "சரி, போகலாம்" என்றாள்.

ராத்திரி முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அடுத்த பொங்கலுக்கு ஆத்தா நம் வீட்டுக்குள் தன் நாற்காலியிலேயே போக வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு வேண்டும் என்று தம்பி சொல்கிறான். நம் வாசலில் ஐந்து படி, படிக்கு அரை அடி என்று வைத்தாலும் 30 அடி வருகிறது. நேராகப் போட இடம் இருக்காது, திண்ணையை ஒட்டித் திருப்பிக்கொள்ளலாம். நிலைப்படியைச் செதுக்க நான் விடமாட்டேன், அதன் இரண்டு பக்கமும் மரத்தில் எடுத்து வைக்கிற மாதிரி சரிவுப் பலகை செய்தால் போதும். பங்காளிகளிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். உன் பேரனைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்குப் போ. சாவி பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இருக்கிறது. தரையிலிருந்து திண்ணை எவ்வளவு உயரம், நிலைப்படி எவ்வளவு உயரம், கதவின் அகலம் எவ்வளவு, திண்ணையிலிருந்து வெளிக்கேட்டு வரை எத்தனை அடி, நான்கையும் அளந்து எழுது. நீ படி ஏறாதே, பேரன் அளக்கட்டும். வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனால் கையோடு கொஞ்சம் மஞ்சளும் குங்குமமும் எடுத்துப் போ, அதையும் அவனையே வைக்கச் சொல்.

அன்புடன்,
வள்ளி