மெல்வில் தூணடிப் பலகையில் ஆற்காட்டையும் சேருங்கள்

எடின்பரோ மாநகராட்சி உறுப்பினர்களுக்கு,

வணக்கம். செயின்ட் ஆண்ட்ரூ சதுக்கத்தில் அந்த உயரமான தூணின் உச்சியில் நிற்கும் மெல்வில் பிரபு ஹென்றி டன்டாஸைப் பற்றி 2021ல் ஒரு பலகை வைத்தீர்கள். 2023ல் அது கழற்றப்பட்டது, 2024ல் திரும்ப மாட்டப்பட்டது. அடிமை வணிகத்தை உடனே ஒழிக்க வேண்டாம், படிப்படியாக ஒழிக்கலாம் என்று 1792ல் அவர் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த திருத்தம்தான் சண்டைக்கெல்லாம் காரணம். இழுத்தடித்தார் என்கிறது பலகை. இல்லையென்றால் தீர்மானமே தோற்றிருக்கும், 1778ல் ஜோசப் நைட் என்ற அடிமையின் விடுதலைக்காக வாதாடியவரும் இவர்தானே என்கிறார்கள் அவர் பக்கத்தவர்கள். பலகை இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

என் குறை வேறு. பலகை அவருடைய பதவிகளைச் சொல்கிறது: ஸ்காட்லாந்தின் தலைமை அரசு வழக்கறிஞர், உள்துறை, போர்த்துறை, கடற்படை. இந்தியாவை லண்டனிலிருந்து ஆட்டிவைத்த கட்டுப்பாட்டு வாரியத்தைக் காணோம். 1784ல் அது தொடங்கியதிலிருந்து அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். 1793 முதல் 1801 வரை தலைவரும் அவரே. பழங்குடி மக்கள்மீது காலனி ஆட்சியைத் திணித்தார் என்ற பொதுவான வரிக்குள் எங்கள் கதை அடங்காது.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா, சேப்பாக்கம் அரண்மனையில் இருந்துகொண்டு கடனிலேயே காலம் தள்ளியவர். கடன் கொடுத்தவர்களில் பலர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஊழியர்கள். (சம்பளம் கொஞ்சம்தான், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது.) ஈடாக ஊர் ஊராக நிலவரி வசூலை எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் பால் பென்ஃபீல்ட் என்பவர் தஞ்சாவூர் வருவாயில் மட்டும் 2 லட்சம் பவுண்டுக்கு மேல் பாத்தியதை கொண்டாடினார். அதற்கு இணங்காத சென்னை ஆளுநர் பிகட் பிரபுவை 1776ல் அவருடைய கவுன்சில்காரர்களே கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்துபோனார்.

இதெல்லாம் டன்டாஸுக்குத் தெரியாததல்ல. கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட ஆற்காட்டுச் சீமையில் நடந்த போரின் காரணங்களை ஆராய 1781ல் நாடாளுமன்றம் அமைத்த ரகசியக் குழுவுக்குத் தலைவரே அவர்தான். எந்தக் கடன் நிஜம், எது பொய் என்று விசாரிக்கும்படி 1784ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி இயக்குநர்களுக்குச் சொன்னது. அவர்களும் விசாரிக்கத் தயாரானார்கள். டன்டாஸின் வாரியம் குறுக்கே புகுந்து, விசாரணையே வேண்டாம், எல்லாக் கடனையும் அடையுங்கள் என்று உத்தரவிட்டது. ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் (அன்றைய தங்க நாணயம்); அன்றைய கணக்கில் 4,80,000 பவுண்டு. 1780ல் ஹைதர் அலியின் படை புகுந்து ஊர்களை எரித்துவிட்டுப் போன சீமை அது. ஏரி உடைந்து, மாடு போய், விதைக்க ஆளில்லாமல் கிடந்த மண்ணிலிருந்துதான் அந்த வராகன் வர வேண்டியிருந்தது.

1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் இதை நாடாளுமன்றத்தில் கிழித்துத் தொங்கவிட்டார். தேர்தலில் கடன் கொடுத்தவர்கள் செய்த உதவிக்குக் கைமாறு இது என்பது அவர் குற்றச்சாட்டு. கைமாறோ இல்லையோ, உத்தரவு உத்தரவுதான். விசாரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பின்னாளில் ஒரு சாட்சி கிடைத்தது. 1801ல் கர்நாடகத்தையே கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகு, நவாப்மீது இன்னும் குவிந்திருந்த கோரிக்கைகளை ஆராய 1805ல் ஓர் ஆணையம் உட்கார்ந்தது. அதன் முன் வந்த தொகையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையாகத் தேறவில்லை.

கடற்படைப் பணத்தைக் கையாடிய புகாரில் 1806ல் பிரபுக்கள் சபை அவரை விசாரித்து விடுவித்ததைப் பலகையில் எழுதியிருக்கிறீர்கள். சரி, அந்தப் பணத்துக்கு ஒரு விசாரணையாவது நடந்தது. ஆற்காட்டுச் சீமைப் பணத்துக்கு அதுவும் இல்லை; நடக்கவிருந்த விசாரணையை நிறுத்தியவரே இவர்.

நான் கேட்பது இவ்வளவுதான்: பதவிகளின் வரிசையில் கட்டுப்பாட்டு வாரியத்தைச் சேருங்கள். அதன் கீழே, "1784ல் ஆற்காடு நவாபின் கடன்களை விசாரிக்காமலே ஏற்று, அவற்றைத் தமிழ் உழவர்களின் நிலவரியிலிருந்து அடைக்கச் செய்தார்" என்று ஒரு வரி போடுங்கள். இதற்கு மறுபடி திட்டக்குழு, ஆட்சேபணை, மேல்முறையீடு என்று அலைய வேண்டியிருக்கும். பலகையைக் கழற்றி மாட்டிய பழக்கம் உங்கள் ஊருக்கு ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவன்