மலையில் அடுக்கிய சுவர்களைப் பார்க்க வா

ஜெனோவா

அன்புள்ள ரேவதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இப்போது தானே செய்தித்தாள் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை இவரிடமும் வாசித்துக் காட்டினேன். விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் உங்கள் வீட்டிலேயே பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அந்த அம்மா மே மாதம் இங்கே வரப்போகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் மிலானில் படிக்கப் போய்விட்டாள், வீடு கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது. சின்னவன் என்னைவிட உயரமாகிவிட்டான். மற்றதெல்லாம் நேரில்.

சரி, சின்க்வே தெர்ரே விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் இங்கே கடலோர மலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து சின்ன ஊர்கள். ஃபுளோரன்ஸிலிருந்து கிளம்பி ஐந்து ஊரையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஊருக்கு ஊர் ரயிலில் சில நிமிடம்தான். ஆனால் அப்படிப் பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த ரயில் பாதை பெரும்பாலும் சுரங்கத்துக்குள்ளேயே ஓடுகிறது. இருட்டு, திடீரென்று கொஞ்சம் கடல், ஒரு நிலையம், மறுபடியும் இருட்டு. ஐந்து தடவை இறங்கி, கலர் கலரான வீடுகளைப் படம் எடுத்து, ஐந்து தடவை ஏறினால் நாள் முடிந்துவிடும். அந்த ஊர்களை உண்டாக்கியது எதுவோ அதைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

நான் சொல்வது அந்த மலையை. கடலோரத்திலிருந்து செங்குத்தாக ஏறும் மலை அது, ஒரு செடி வைக்கக்கூடச் சமதரை கிடையாது. அதில் ஏறத்தாழ ஆயிரம் வருஷமாக ஜனங்கள் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, மண்ணை நிரப்பித் திராட்சை வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை, கல்லோடு கல் பொருந்தி நிற்கிறது. மழைத் தண்ணீர் அந்த இடுக்குகள் வழியே கசிந்து இறங்கிவிடுவதால் மண் சரிவதில்லை. 1997-இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கும் மனிதக் கை பட்ட இந்த நிலம்தான் காரணம். 2018-இல் இப்படிக் கல் அடுக்கும் கலையையே, இத்தாலியோடு இன்னும் சில ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவானதாக, கலைகளும் வழக்கங்களும் அடங்கிய யுனெஸ்கோவின் வேறொரு பட்டியலில் சேர்த்தார்கள்.

ஆனால் அந்தச் சுவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் குறைந்துபோனது. 1869-இல் பக்கத்து நகரமான லா ஸ்பெட்ஸியாவில் கடற்படைத் தளம் திறந்தது, 1874-இல் ரயில் வந்தது. மாதச் சம்பளம் கிடைக்கும்போது முதுகில் கூடை சுமந்து மலை ஏற யார் வருவார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கல் விழுந்தால் அன்றே எடுத்து வைக்க வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த மழையில் சுவரே போய்விடும். 2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய பேய்மழையில் மலைச்சேறு இறங்கி, ஐந்தில் வெர்னாட்ஸா, மொந்தெரோஸ்ஸோ இரண்டு ஊர்களையும் மூடிவிட்டது. கடைகளும் வீடுகளின் கீழ்த்தளங்களும் புதைந்தன, உயிர்களும் போயின. மழை அசாதாரணமானதுதான். ஆனாலும் கவனிப்பாரற்றுக் கிடந்த படிகள் அழிவை இன்னும் மோசமாக்கின. வெர்னாட்ஸாவின் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான் வரும். இப்போது அது அவ்வளவு அழகாக இருப்பதைப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் மேல் மரியாதை வருகிறது.

அதனால் என் திட்டம் இது. வார நாளாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஞாயிறு வேண்டவே வேண்டாம். காலையில் முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்தால், பெரும்பாலும் பீசாவில் மாறி, இரண்டரை மணி நேரத்துக்குள் லா ஸ்பெட்ஸியா வந்துவிடலாம். நான் ஜெனோவாவிலிருந்து வந்து அங்கேயே நிற்பேன். ரயிலும் நடைபாதையும் சேர்ந்த ஒரு நாள் அட்டையை நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். நாளைப் பொறுத்து விலை மாறும். கார் எடுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், ஊருக்குள் விடமாட்டார்கள், நிறுத்தவும் இடம் கிடைக்காது.

நேராகக் கடைசி ஊரான மொந்தெரோஸ்ஸோவுக்குப் போய்விடுவோம். ஐந்தில் அங்கேதான் நல்ல மணல் கடற்கரை, தரையும் ஓரளவு சமம், அம்மாவின் முழங்காலுக்கு வசதி. அண்ணனுக்கு மலையேறும் ஆசை என்று எழுதியிருந்தாய் அல்லவா, அவர் அங்கிருந்து வெர்னாட்ஸாவுக்கு நடந்து வரட்டும். மூன்றரை கிலோமீட்டர்தான், ஆனால் படிகள் அதிகம், இரண்டு மணி நேரம் ஆகும். திராட்சைக்கும் எலுமிச்சைக்கும் நடுவே, நான் சொன்ன சுவர்களைத் தொட்டுக்கொண்டே போகும் பாதை அது. நெரிசலான சில நாட்களில் இந்தத் திசையில் மட்டும்தான் நடக்க விடுகிறார்கள், அதனாலும் மொந்தெரோஸ்ஸோவில் தொடங்குவது நல்லது. ஷூ கட்டாயம். ரப்பர் செருப்போடு போனால் அபராதம் போடுவார்கள். நாம் மூவரும் ரயிலில் போய் வெர்னாட்ஸாவின் சின்னத் துறைமுகத்தருகே உட்கார்ந்திருப்போம்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். இங்கே ஃபரினாட்டா என்று ஒன்று கிடைக்கும். கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் சேர்த்து, அகலமான தட்டில் ஊற்றி அடுப்பில் சுடுவார்கள். முட்டை இல்லை, பால்கூட இல்லை. அம்மாவுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும். பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோ இந்தப் பக்கத்து விசேஷம்தான், ஆனால் அதில் சேர்க்கும் பார்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள் சேரும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. நீயும் அண்ணனும் மொந்தெரோஸ்ஸோவின் நெத்திலியை விட்டுவிடாதீர்கள்.

மத்தியானத்துக்கு மேல் படகு. வெர்னாட்ஸாவிலிருந்து ரியோமஜ்ஜோரே வரைக்கும். அதற்குத் தனி டிக்கெட், ஆனால் இந்த நாளில் எதை விட்டாலும் அதை விடக்கூடாது. கடலிலிருந்து பார்த்தால்தான் மலை முழுக்க வரி வரியாகச் சுவர்கள் தெரியும். எங்கே இன்னும் பயிர் இருக்கிறது, எங்கே காடு மூடிவிட்டது என்றுகூடப் பிரித்துச் சொல்லிவிடலாம். திராட்சைக் கூடைகளை ஏற்றி இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் குட்டி வண்டி ஒன்று உண்டு. அதன் தடமும் சரிவுகளில் தெரிகிறதா என்று பார்ப்போம்.

கோர்னிலியாவை விட்டுவிடலாம். அது கடலுக்கு நூறு மீட்டர் மேலே பாறையில் உட்கார்ந்திருக்கிறது, நிலையத்திலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். பஸ் உண்டு, ஆனால் காத்திருந்தே நேரம் போகும்.

ரியோமஜ்ஜோரேயிலிருந்து மனரோலாவுக்குக் கடலோரமாக ஒரு பாதை, ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பாறை விழுந்து 2012-இல் மூடி, 2024-இல்தான் மறுபடி திறந்தார்கள். ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாததால் அம்மாவும் மெதுவாக நடந்துவிடுவார்கள். அதற்கு நேரம் குறித்துத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். சாயங்காலம் மனரோலாவில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு ரயில் ஏறலாம். ஃபுளோரன்ஸ் போய்ச் சேர இரவு நேரமாகும், அதனால் முடிந்தால் அன்று லா ஸ்பெட்ஸியாவிலேயே ஒரு அறை எடுத்துத் தங்குங்கள். அம்மாவுக்காகத்தான் சொல்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் கேட்டு எழுது. படகிலிருந்து இறங்கும்போது பலகை கொஞ்சம் ஆடும், படகுக்காரர்கள் கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். அம்மாவுக்குப் பயமாக இருந்தால் நான் அவர்களோடு ரயிலில் வந்துவிடுகிறேன், நீங்கள் இருவரும் படகில் வாருங்கள். தேதியைச் சீக்கிரம் சொன்னால் மனரோலா போகும் அந்தக் கடலோரப் பாதைக்கு நானே பதிவு செய்துவிடுவேன்.

அன்புடன்,
மீனா