ஒட்டும் டைனோசரும் பொருந்தாத லாரியும்

அன்புள்ள சேகர்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. பெயிண்ட் அடித்து மூன்று வாரமாகியும் டைனோசர் கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது என்கிறாய். மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்குக் கவச வண்டியாக்க எடுத்த பொம்மை லாரிப் பக்கத்தில் 28 மி.மீ. உயர வீரர் பொம்மைகளை நிறுத்தினால் என்னவோ பொருந்தவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டுமே தூரிகையைத் தொடுவதற்கு முன்பே நேர்ந்த தப்பு. மலிவுப் பொம்மையை வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டுதான்: அது என்ன பிளாஸ்டிக், என்ன அளவு.

டைனோசரை முதலில் பார்ப்போம். மெத்தென்று வளைகிற பொம்மைகள் பெரும்பாலும் பி.வி.சி. அந்தப் பிளாஸ்டிக் இயல்பில் கெட்டியானது. வளைவதற்காக எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தை அதில் கலக்கிறார்கள். அந்தத் திரவம் உள்ளேயே தங்குவதில்லை, மெல்ல மெல்ல மேலே கசியும். நீ அடிப்பூச்சாக அடித்த ஸ்ப்ரே பிரைமரின் கரைப்பான் அதை இன்னும் வேகமாக இழுத்துவிட்டது. உன் பெயிண்ட் காயாமல் இல்லை. உள்ளிருந்து கசிவது அதை இளக்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் வெயிலில் வைக்காதே, சூடு ஏறினால் கசிவு கூடத்தான் செய்யும்.

மூடி போட்ட பாட்டிலில் தண்ணீர் கலக்காத டெட்டாலை ஊற்றி, ஓர் இரவு பொம்மையை முக்கி வை. மறுநாள் கையுறை போட்டுக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய். தேய்ப்பதும் டெட்டாலிலேயே நடக்கட்டும். பாதியில் தண்ணீர் பட்டால் கழன்ற பெயிண்ட் எல்லாம் கோந்து மாதிரி திரண்டு செதில் இடுக்குகளில் அடைந்துகொள்ளும். பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. முழுக்கக் கழன்ற பிறகுதான் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும். நன்றாக உலர்ந்ததும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கை நேராகத் தூரிகையால் மெலிதாகப் பூசு. ஒரு நாள் விட்டு இன்னொரு பூச்சு. கடைசியில் பூசும் மேட் வார்னிஷும் தூரிகையால்தான். பி.வி.சி. பக்கம் ஸ்ப்ரே டப்பாவைக் கொண்டுபோகவே வேண்டாம். வால் கோணியிருப்பது பெரிய விஷயமில்லை: கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி, வேண்டியபடி வளைத்துப் பிடித்து, அப்படியே ஐஸ் தண்ணீரில் போட்டால் நின்றுவிடும். இதைப் பெயிண்டுக்கு முன்னால் செய்துவிடு.

இனி வாங்கும் பொம்மைகளுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். உள்பக்கத்திலிருந்து அரிசி அளவு ஒரு துண்டு சீவிக்கொள். சாதாரணத் தண்ணீரில் மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். மூழ்கினால், ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் உப்பைக் கரைத்து அதில் போடு. அங்கே மிதந்தால் பாலிஸ்டைரீன் அல்லது ஏ.பி.எஸ்., அதிலும் மூழ்கினால் பெரும்பாலும் பி.வி.சி. துண்டில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எதுவும் மிதக்கும், ஆகவே ஒரு சொட்டு சோப்பு விட்டு விரலால் அமுக்கிவிட்டுப் பார். பாலிஸ்டைரீனுக்கு மாடல் சிமெண்ட் போதும், இரண்டு பரப்பும் கரைந்து ஒன்றாகிவிடும். ஏ.பி.எஸ்.ஸுக்கு ஃபெவிகுவிக் நம்பகமானது. மிதக்கிற வகையில் பசையும் நிற்காது, பெயிண்டும் செதில் செதிலாக உரியும். பாக்கெட்டில் வரும் பச்சை நிறச் சிப்பாய்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அவற்றை வெட்டி ஒட்ட வேண்டுமென்றால் துளை போட்டுக் கம்பி செருகித்தான் சேர்க்க வேண்டும்.

இப்போது லாரி. டப்பாவில் போட்டிருக்கும் அளவையும் வண்டியின் நீளத்தையும் நம்பாதே. பொம்மை செய்கிறவர் டப்பாவுக்குள் அடங்கும்படி செய்கிறார், அதனால் காரும் லாரியும் ஒரே நீளத்தில் வரும். 28 மி.மீ. வீரர்கள் ஏறத்தாழ 1:56, அதாவது நிஜத்தில் 56-ல் ஒரு பங்கு. நிஜ லாரியின் சக்கரம் சுமார் ஒரு மீட்டர் உயரம், ஆக நம் மேசையில் 18 மி.மீ. உன் லாரிச் சக்கரம் 25 மி.மீ. என்று எழுதியிருக்கிறாய், அது 1:40 சக்கரம். ஜன்னலோ படத்தில் பார்த்தால் அதைவிடப் பெரிது. கண் அளவைப் படிப்பது கதவு, ஜன்னல், படி, சக்கரம் இந்த நான்கில்தான். வண்டியின் உடம்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாருக்கும் தெரியாது. வீரர்கள் 2, 3 மி.மீ. அடித்தட்டின் மேல் நிற்பதாலும் தலை பருத்திருப்பதாலும், வண்டி சற்றுப் பெரிதாக இருப்பதே நல்லது என்பது என் கணிப்பு.

ஆகவே ஜன்னலை மூடிவிடு. காலாவதியான ஏ.டி.எம். கார்டு 0.76 மி.மீ. தடிமன். 56 மடங்காக்கினால் 43 மி.மீ. இரும்புத் தகடு, கவச வண்டிக்கு அளவெடுத்த மாதிரி! எம்போஸ் எழுத்து இல்லாத பகுதியை வெட்டி, இரண்டு பக்கமும் 320 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, நடுவில் 2 மி.மீ. பார்வைத் துளை விட்டு ஃபெவிகுவிக்கால் ஒட்டு. பக்கவாட்டில் 32 மி.மீ. உயரம், 13 மி.மீ. அகலத்தில் ஒரு கதவைக் கீறு. ஏணி வைத்தால் படிகளுக்கு இடையே 5 மி.மீ. விடு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் சக்கரம் பெரிதாக இருப்பதும் கரடுமுரடு நிலத்துக்கான வண்டி என்று தோன்றிவிடும்.

பிரித்துச் செய்வதே சுலபம். அடியிலுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி, தள்ளினால் ஓடும் பல்சக்கரப் பெட்டியை எடுத்துவிட்டு, அச்சை மட்டும் எம்-சீலால் நிறுத்து. ஸ்க்ரூக் குழிகளையும் நடுவில் ஓடும் இணைப்புக் கோட்டையும் அதே எம்-சீலால் அடைத்து, ஓர் இரவு விட்டுத் தேய். எப்போதும் தண்ணீர் தொட்டே தேய்; மலிவுப் பொம்மையின் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. வெள்ளி மாதிரி மின்னும் பம்பரின் மேல் பசை பிடிக்காது. அதைக் கழற்றி வீட்டு ப்ளீச்சில் ஊறப் போட்டால் மினுமினுப்பு கரைந்துவிடும். அந்தப் பாத்திரத்தில் டாய்லெட் க்ளீனர் மாதிரி அமிலம் எதுவும் கலந்துவிடக் கூடாது, விஷவாயு வரும்.

துப்பாக்கிக் குழாய்க்குப் பால்பாயிண்ட் ரீஃபில் வைத்திருக்கிறாய். கண்ணுக்குச் சரிதான், ஆனால் அதுவும் தண்ணீரில் மிதக்கிற ஜாதி, நாலு ஆட்டத்தில் பெயிண்ட் உரிந்து நிற்கும். ஊதுபத்தியின் மூங்கில் குச்சியை எடுத்து ஃபெவிகுவிக்கில் ஊறவிட்டு, இறுகியதும் தேய்த்தால் நார் எழாது. முனையில் 0.5 மி.மீ. பிட்டால் துளையிட மறக்காதே. பொம்மைத் துப்பாக்கியைக் காட்டிக்கொடுப்பது அந்த மொட்டை முனைதான். ரேடியேட்டருக்கு டீ வடிகட்டியின் கம்பி வலை போதும். ரிவெட்டுக்கு ஊசி முனையில் ஃபெவிகால் தொட்டு 4 மி.மீ. இடைவெளியில் புள்ளி வை. காய்ந்தால் அமுங்கும், இரண்டாம் முறையும் வைக்க வேண்டும்.

பெயிண்ட் வேலை உனக்குத் தெரிந்ததுதான். துருவுக்கு மட்டும் தூரிகை வேண்டாம்: பேக்கிங் ஸ்பாஞ்சைக் கிள்ளியெடுத்துக் கரும்பழுப்பில் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசி ஒற்றிவிட்டு, தகட்டு விளிம்புகளில் தட்டு. அதன் நடுவில் கொஞ்சமாக ஆரஞ்சு.

மூன்று அங்குல உலோகக் கார்களை 28 மி.மீ. வீரர்களோடு சேர்க்காதே, அவை 1:64 பக்கம். காஸ்லேண்ட்ஸ் என்ற கார்ச் சண்டை ஆட்டம் அந்த அளவுக் கார்களுக்காகவே எழுதப்பட்டது, அதற்கு எடுத்து வை. அந்தக் கார்களைப் பிரிக்க, அடியிலுள்ள ரிவெட்டின் நடுவில் ஆணியால் குழி தட்டி, 2 மி.மீ. பிட்டால் தொடங்கி 4 மி.மீ. பிட்டால் தலையை மட்டும் சீவு. ஆழமாகப் போனால் மறுபடி மூட ஒன்றும் மிஞ்சாது. மூடும்போது 1.6 மி.மீ. துளையில் மரை வெட்டி 2 மி.மீ. ஸ்க்ரூ போடலாம்.

அந்த டைனோசரைத் தூக்கி மட்டும் போட்டுவிடாதே. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனை ஆட்டத்தில் வரும் மிருகங்களான, துருப்பிடிக்க வைக்கும் ரஸ்ட் மான்ஸ்டர், ஆந்தைக்கரடி, புலெட் எல்லாம் அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1970களில் கடையில் வாங்கிய, ஹாங்காங்கில் செய்த மலிவுப் பிளாஸ்டிக் மிருகங்களிலிருந்து பிறந்தவை. உன்னுடையதற்கு முதுகில் எம்-சீல் முட்கள் நாலு வைத்தால் அதுவும் புது மிருகம்தான்.

அடுத்த கடிதத்தில் லாரியின் அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பு. பின் அச்சு எந்த உயரத்தில் ஓடுகிறது என்று பார்த்தால், 18 மி.மீ. சக்கரம் மாட்ட இடம் இருக்கிறதா என்று சொல்லிவிடுகிறேன்.

உன்,
பாலு