எட்டாவது கட்டம்: அக்கா மகளுக்கு ஒரு கடிதம்

அம்முவுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு போட்ட தாளில் ஸ்கேல் வைத்து எட்டுக் கட்டம் வரைந்திருக்கிறாய், முதல் செமஸ்டருக்கு நான்கு, இரண்டாவதற்கு நான்கு. ஏழு கட்டங்களில் பேனாவால் பாடங்களின் பெயர்கள். எட்டாவது காலி. முழுக்கக் காலி என்றும் சொல்ல முடியாது, பென்சிலால் எழுதி அழித்த தடம் தெரிகிறது. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் ‘மொழியியல்’. கீழே உன் கேள்வி: “சித்தி, எட்டாவதா எதைப் போட்டா மெடிசினுக்கு நல்லது?”

வாட்ஸ்அப்பில் பதில் தட்ட ஆரம்பித்தேன், அடங்கவில்லை. ஆஸ்திரேலியாவில் இந்த வருடம் பிஎஸ்சி சேர்ந்து, மனதுக்குள் மெடிசினை வைத்துக்கொண்டு பாடம் தேர்ந்தெடுக்கும் வேறு பிள்ளைகளும் இருப்பார்கள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். உன் நிஜப் பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே.

உன் அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். நானும் மெடிசினுக்காகத்தான் பிஎஸ்சி சேர்ந்தேன். பட்டதாரிகளுக்கான மெடிசின் நுழைவுத் தேர்வான கேம்சாட்டை இரண்டு முறை எழுதினேன். ஒரு முறை நேர்காணல் வரை போனேன். இடம் கிடைக்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பிடித்துத்தான் பார்க்கிறேன், எனக்காக முகத்தைத் தொங்கப்போட வேண்டாம். ஆனால் உன் வயதில் நான் போட்ட எட்டுக் கட்டத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. எட்டும் ஒரே வாசலைப் பார்த்து நின்றன. அந்த வாசல் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கட்டமும் யோசிக்கவில்லை.

சரி, விதிமுறைக்கு வருவோம். பட்டம் முடித்துவிட்டு மெடிசின் சேர்கிறவர்களை எடுக்கும் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை, எந்தத் துறையில் பட்டம் வாங்கினாலும் விண்ணப்பிக்க விடுகின்றன. இதைப் பலர் நம்புவதே இல்லை. முன்தகுதிப் பாடங்கள் சில இடங்களில் உண்டு, அவையும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மெல்பர்ன் பல்கலைக்கழகம் நீண்ட காலம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் இரண்டாமாண்டு அளவில் வேண்டும் என்று கேட்டது. பிறகு அதை எடுத்துவிட்டது. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் நேர் எதிர்த்திசையில் போய், செல்-திசு உயிரியல் ஒன்று, உடலியங்கியல் ஒன்று என இரண்டாமாண்டுப் பாடங்களைப் புதிதாகச் சேர்த்தது. அதனால் சீனியர் சொன்னது, சீனியரின் அக்கா சொன்னது எல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். நீ விண்ணப்பிக்க நினைக்கும் இடங்களின் பக்கத்தை ஒவ்வொரு வருடமும் நீயே திறந்து படி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. முன்தகுதி கேட்கும் இடங்கள் கேட்பது இரண்டாமாண்டுப் பாடங்களை. முதலாண்டில் நீ எடுப்பவை அந்தப் பாடங்களுக்குள் போகவிடும் சாவிகள். முதலாண்டு வேதியியல் இல்லாமல் இரண்டாமாண்டு உயிர்வேதியியலுக்குள் விட மாட்டார்கள். மருந்தியலும் பெரும்பாலும் அப்படித்தான். உயிரியல் இல்லாமல் உடலியங்கியல் இல்லை. ஆகவே உன் தாளில் இருக்கும் உயிரியல் இரண்டும் வேதியியல் இரண்டும் அப்படியே இருக்கட்டும். வேதியியலை முதல் செமஸ்டரிலேயே தொடங்கியிருக்கிறாய், அதுதான் சரி. தள்ளிப்போட்டால் அதன் பின்னால் வரிசையில் நிற்கிற எல்லாமே தள்ளிப்போகும்.

வேதியியலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைக் கசப்பு மருந்து மாதிரி விழுங்கப் போகிறாய் என்று உன் கையெழுத்திலேயே தெரிகிறது. முதல் சில வாரங்களில், காரத்தை விட்டு அமிலத்தின் அளவைக் கண்டுபிடிக்கும் டைட்ரேஷன் செய்யச் சொல்வார்கள். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவாய். குடுவையில் இளஞ்சிவப்பு வந்து வந்து மறையும். ஒரு சொட்டில் மறையாமல் நிற்கும், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற வெளிறிய நிறம். அடுத்த சொட்டை அவசரப்பட்டு விட்டால் ரோஸ் மில்க் மாதிரி ஆகிவிடும், மறுபடி முதலிலிருந்து. நான் மூன்று முறை ரோஸ் மில்க் போட்டேன். இது எதற்கு என்று முணுமுணுத்தேன்.

எதற்கு என்று பிறகு தெரிந்தது. மூச்சுத்திணறலோடு வருகிறவரின் தமனி ரத்தம் எங்கள் கருவிக்கு வரும். அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்த 7.4 எங்கிருந்து வருகிறது? பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு 1.2. ஒன்றை மற்றதால் வகுத்தால் 20. இருபதின் லாகரிதம் 1.3. கார்பானிக் அமிலத்துக்கு உரிய 6.1-ஓடு அதைக் கூட்டினால் 7.4. முதலாண்டு வேதியியலில் தாங்கல் கரைசல் (பஃபர்) என்ற தலைப்பில் வருகிற சமன்பாடு இதுதான். டாக்டர் ஆகிறாயோ, என்னைப் போல் கருவிக்குப் பின்னால் நிற்கிறாயோ, இந்த ஒரு வகுத்தல் கூடவே வரும்.

இனி இயற்பியல். உன் தாளில் இருப்பது இயற்பியலை மேஜராக எடுக்கப் போகிறவர்களுக்கான பாடம், நுண்கணிதத்தில் ஊறியது. பன்னிரண்டாம் வகுப்பில் நீ இயற்பியலே எடுக்கவில்லை. எந்தத் தைரியத்தில் இதைப் போட்டாய்? கேம்சாட்டுக்கு என்றுதான் நினைத்திருப்பாய். அந்தத் தேர்வின் மூன்றாம் பகுதியில் உயிரியல் 40 சதவீதம், வேதியியல் 40, இயற்பியல் 20. உயிரியலும் வேதியியலும் பல்கலைக்கழக முதலாண்டு அளவு, இயற்பியல் பன்னிரண்டாம் வகுப்பு அளவு. அந்த இருபது சதவீதத்துக்கு இவ்வளவு பெரிய பாடம் வேண்டாம்.

நானும் அதையேதான் செய்தேன். கனமான இயற்பியல் எடுத்தால் மதிப்பாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். மூன்றாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. கரும்பலகையில் போவது ஒன்று, என் நோட்டில் விழுவது வேறு. அப்போதே விட்டிருக்கலாம். பாடத்திலிருந்து விலகுவதற்கான கெடுவான சென்சஸ் தேதிக்கு முன்னால் விலகினால், அரசு தரும் படிப்புக் கடனான ஹெக்ஸும் ஏறாது, மதிப்பெண் பட்டியலில் தடமும் இருக்காது. முதல் செமஸ்டருக்குப் பெரும்பாலும் மார்ச் 31, இரண்டாவதற்கு ஆகஸ்ட் 31. எனக்கு வீம்பு, விடவில்லை. 52 மதிப்பெண்ணில் பாஸ் ஆனேன். மதிப்பெண்களின் சராசரிப் புள்ளியான ஜிபிஏ கணக்கில் அது ஏழுக்கு நான்கு. அந்த நான்கைச் சரிக்கட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உயிரியல் மாணவர்களுக்கென்று ஒரு இயற்பியல் பாடம் உன் பட்டியலிலேயே இருக்கும், தேடிப் பார். திரவ ஓட்டம், அழுத்தம், ஒளி, கதிரியக்கம் என்று உடம்பைச் சுற்றியே போகும். குழாயின் ஆரம் பாதியானால் அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்ற விதியை அங்கே படிப்பாய். அதைக் கண்டுபிடித்த புவாசே என்ற பிரெஞ்சுக்காரர் மருத்துவர். ரத்தம் நுண்குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கண்ணாடிக் குழாய்களோடு உட்கார்ந்தார். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாய் கொஞ்சம் சுருங்கினாலே ஏன் அவ்வளவு திணறல் என்பதற்கும், அவசரப் பிரிவில் ஏன் தடித்த ஊசியைத் தேடுகிறார்கள் என்பதற்கும் விளக்கம் அந்த விதியில் இருக்கிறது.

உளவியல் இருக்கட்டும். பிடித்து எடுத்தாய் என்றால் நல்லது. மதிப்பெண் சுலபம் என்று கேள்விப்பட்டு எடுத்திருந்தால், கட்டுரை எழுதும் வாரத்தில் தெரியும்.

இரண்டாவது செமஸ்டரில் ‘மனித உடல் அறிமுகம்’ என்று ஒன்று வைத்திருக்கிறாயே, அதைத்தான் நீக்கச் சொல்வேன். பெயரில் மருத்துவ வாசனை அடிக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருடம் உடலியங்கியலில் இதையே நான்கு மடங்கு ஆழமாக நடத்துவார்கள். அந்தக் கட்டத்தில் புள்ளியியல் போடு. மூஞ்சியைச் சுளிக்காதே, ஒரு கணக்கு சொல்கிறேன். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் ஒரு நோய். நோய் உள்ளவர்களில் 99 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்கும், இல்லாதவர்களில் 99 சதவீதம் பேரைச் சரியாக இல்லை என்று சொல்லும் ஒரு பரிசோதனை. உனக்குப் பாசிட்டிவ் வந்துவிட்டது. நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 99 என்று வாய் தானாகச் சொல்லும். ஆயிரம் பேரை நிறுத்திப் பார். நோய் இருப்பவர் ஒருவர், அவருக்குப் பாசிட்டிவ். மீதி 999 பேரில் ஒரு சதவீதம், அதாவது சுமார் பத்துப் பேருக்கு, தவறாகப் பாசிட்டிவ். மொத்தம் பதினொன்றில் உண்மை ஒன்று. ஒன்பது சதவீதம்தான். எங்கள் கூடத்திலிருந்து போகும் ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் இந்தக் கணக்கு இருக்கிறது. மெடிசின் கிடைக்காவிட்டாலும் மரபணுத் தரவு, நோய்ப்பரவல் ஆய்வு, மருந்து ஆய்வு எல்லாவற்றுக்கும் இந்தப் பாடம் வேண்டும். எட்டில் நான் எடுக்காமல் விட்டதும் இதைத்தான். பிறகு வேலையில் இருந்துகொண்டு ராத்திரி வகுப்பில் படித்தேன்.

மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காமலேயே கேட்டிருந்தாய், “ஃபர்ஸ்ட் இயர்ல ஒண்ணு போச்சுன்னா அவ்ளோதானா?” என்று. இல்லை. பல இடங்களில் ஜிபிஏவைக் கணக்கிடும்போது கடைசி ஆண்டுக்கு மூன்று மடங்கு, அதற்கு முந்தையதற்கு இரண்டு மடங்கு, முதலாண்டுக்கு ஒரு மடங்குதான் எடை. முதலாண்டில் 5, அடுத்து 6.5, கடைசியில் 7 என்று வைத்துக்கொள். சாதாரண சராசரி 6.17. எடை போட்டால் 6.5. எல்லா இடத்திலும் எடை போடுவதில்லை என்பதால் இதை நம்பித் தூங்கிவிடவும் கூடாது. ஆனால் ஒரு மோசமான வாரத்துக்காக ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு அழுதுகொண்டே மெசேஜ் அனுப்ப வேண்டாம். அனுப்பினாலும் பரவாயில்லை, முழித்துக்கொண்டுதான் இருப்பேன், பாதி வாரம் நைட் ஷிஃப்ட்.

கேம்சாட்டுக்கு இப்போதே புத்தகம் வாங்காதே. பட்டத்தின் கடைசிக்கு முந்தைய ஆண்டு வந்தால்தான் எழுதவே விடுவார்கள். வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் நடக்கிறது, முடிவு நான்கு ஆண்டுகள் செல்லும். கால்குலேட்டர் கிடையாது, அதனால் கையால் வகுக்கப் பழகிக்கொள்.

கடைசியாக, அந்த அழித்த சொல். நீ மொழியியலை ஏன் அழித்தாய் என்று எனக்குத் தெரியும், மெடிசினுக்கு வேஸ்ட் என்று. கேம்சாட்டின் முதல் பகுதி முழுக்க இலக்கியம், சமூகம் சார்ந்த பத்திகளைப் படித்துப் புரிந்துகொள்வது. இரண்டாவது பகுதி இரண்டு கட்டுரை. அறிவியலை மட்டும் படித்துப் படித்து, எழுதும் கை விறைத்துப்போன நான் அங்கேதான் மார்க்கை விட்டேன். அதற்காக எடு என்று மட்டும் சொல்ல வரவில்லை. 1861-இல் பாரிஸில் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். பிறர் பேசுவது அவருக்குப் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் வருவது ‘டான்’ என்ற ஒரே அசை. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது முன்பக்கத்தில் ஒரு பகுதி கெட்டிருந்தது. பக்கவாதத்துக்குப் பின் பேச்சு போனவர்களோடு இன்று வேலை செய்கிற பேச்சுச் சிகிச்சையாளர்கள் மொழியியலும் படித்தவர்கள். மூளை, காது, மொழி மூன்றும் சந்திக்கிற இடத்தில் மெடிசின் இல்லாமலேயே ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது.

தாளின் தலைப்பில் ‘மெடிசின்’ என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாய். அதைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு எட்டுக் கட்டத்தையும் ஒரு தரம் படி. நான் சொன்ன இரண்டு மாற்றங்களைச் செய்து, எட்டாவதில் மொழியியலைப் பேனாவால் எழுதிவிட்டுப் படி. இந்த எட்டையும் படிக்கும் பெண் எங்கே போவாள் என்று பார். எனக்கு நாலைந்து இடம் தெரிகிறது. உனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றால் சொல், மறுபடி உட்கார்ந்து போடுவோம்.

இன்னொன்று. போட்டோவின் ஓரத்தில் உன் கால அட்டவணையும் கொஞ்சம் தெரிந்தது. புதன்கிழமை வேதியியல் லேப் ஐந்து மணிக்கு முடிகிறது, உளவியல் டியூட்டோரியல் நாலரைக்கு ஆரம்பம். டியூட்டோரியலை வேறு நாளுக்கு மாற்று. இடம் நிரம்புவதற்குள் இன்றைக்கே மாற்று.

அன்புடன்,
சித்தி